முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர் மீண்டும் நடப்பதற்கு: முதல் ஓராண்டுக்கான வழிகாட்டி

அறுவை சிகிச்சை முடிந்து நினைவு தெளிந்தவர் முதலில் கேட்பது, "நான் எப்போது நடப்பேன்?" என்பதுதான். பக்கத்தில் நிற்கும் உறவினர் கேட்பது, "எந்தக் கால் நல்ல கால், என்ன விலை?" என்பது. இரண்டு கேள்விகளுக்கும் விடை செயற்கைக் காலில் இல்லை. உடம்பில் மீதமிருக்கும் காலில் இருக்கிறது. மருத்துவமனைகளில் மருத்துவர் முதல் ஆயாம்மா வரை எல்லோரும் அதை 'ஸ்டம்ப்' என்றே சொல்வதால் நானும் இங்கே அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். முழங்கால் முழுமையாக நீட்ட வருகிறதா, வீக்கம் வடிந்து முனை ஒழுங்கான வடிவத்துக்கு வந்திருக்கிறதா, தோல் உரசலைத் தாங்குகிறதா என்ற மூன்றும் சரியாக இருந்தால், அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கும் எளிய காலை அணிந்துகொண்டே வயலுக்கும் கடைக்கும் போய்வரலாம். இவை தவறினால், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காலும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும்.

ஒரு காலை மட்டும், முழங்காலுக்குக் கீழே இழந்த பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாலை விபத்தாக இருந்தாலும் சர்க்கரை நோயாக இருந்தாலும் வழி பெரும்பாலும் ஒன்றே. வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். நான் மருத்துவர் அல்லன். வலது காலை விபத்தில் இழந்து, பதினோரு ஆண்டுகளாகச் செயற்கைக் காலில் நடப்பவன். மருத்துவர் உங்களுக்கென்று சொன்னதற்கும் இங்கே எழுதியிருப்பதற்கும் முரண்பாடு தெரிந்தால், அவர் சொன்னதையே கேளுங்கள்.

அறுவைக்கு முன்பு நேரம் கிடைத்தால்

விபத்தில் நேரம் கிடைப்பதில்லை. சர்க்கரைப் புண் முற்றியவர்களுக்கு ஓரிரு நாட்களாவது கிடைக்கும். அந்த இடைவெளியில் குடும்பத்தார் பெரும்பாலும் "விரலை மட்டும் எடுங்கள், பாதத்தோடு நிறுத்துங்கள்" என்று மன்றாடுவார்கள். அது இயல்புதான். ஆனால் எந்த உயரம் வரை ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறதோ அங்கே வெட்டினால்தான் புண் ஆறும். ஓட்டம் இல்லாத இடத்தில் வெட்டி, அது ஆறாமல், மறுபடியும் மறுபடியும் மேலே வெட்டிக்கொண்டு போவது உடம்பையும் மனத்தையும் குலைத்துவிடும். மருத்துவரிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி, "முழங்காலைக் காப்பாற்ற முடியுமா?" என்பதுதான். முழங்கால் இருப்பவர் சமதரையில் நடக்க, முன்பு செலவழித்ததைவிடத் தோராயமாக நான்கில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றலைச் செலவழிக்கிறார். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு அது பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது. அறுபது வயதில் இதயமும் கொஞ்சம் பலவீனமாக இருக்கும் ஒருவருக்கு, நடமாடுவதா வீட்டுக்குள் முடங்குவதா என்பதை இந்த வேறுபாடே தீர்மானித்துவிடும்.

முடிந்தால் அறுவைக்கு முன்பே வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும் ஒருமுறையாவது பழகிக்கொள்ளுங்கள். வலி இல்லாத நாளில் கற்றது வலி உள்ள நாளில் உதவும்.

முதல் இரண்டு வாரம்: தலையணையை எடுத்துவிடுங்கள்

பாசத்தால் செய்யப்படும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. அம்மாவோ மனைவியோ ஸ்டம்புக்கு அடியில் ஒரு தலையணையை வைத்து, "கொஞ்சம் இதமாக இருக்கும்" என்பார்கள். இதமாகத்தான் இருக்கும். ஆனால் மடங்கிய நிலையிலேயே கிடக்கும் முழங்காலின் தசைநார்கள் சில வாரங்களில் சுருங்கி இறுகிவிடும். பிறகு முழங்கால் நேராக நீளாது. நீளாத முழங்காலுக்குச் செயற்கைக் கால் பொருத்துவது கடினம்; பொருத்தினாலும் நொண்டித்தான் நடக்கவேண்டியிருக்கும். இடுப்பும் அப்படித்தான். நாள் முழுவதும் சாய்ந்து உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு மூட்டு முன்பக்கம் மடங்கியபடியே இறுகுகிறது.

ஆகவே படுக்கும்போது ஸ்டம்ப் படுக்கையோடு சமமாக, முழங்கால் நீட்டியபடி இருக்கவேண்டும். தொடைகளுக்கு நடுவிலும் தலையணை வேண்டாம். கட்டில் விளிம்பில் ஸ்டம்பைத் தொங்கவிட்டு வெகுநேரம் உட்காராதீர்கள். சக்கர நாற்காலியில் உட்காரும்போது, இருக்கைக்குக் கீழே ஒரு பலகையைச் செருகி அதன் மேல் ஸ்டம்பை நீட்டி வையுங்கள். தச்சரிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் அறுத்துத் தந்துவிடுவார். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து, தினமும் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 நிமிடங்கள் குப்புறப் படுங்கள். இதைவிட மலிவான சிகிச்சை வேறு இல்லை. ஆனாலும் பத்தில் எட்டுப் பேர் இரண்டாவது வாரத்திலேயே கைவிட்டுவிடுவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

இன்னோர் ஆபத்து இரவில் காத்திருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் சிறுநீர் கழிக்க எழுபவர், கால் இல்லை என்பதை மறந்து, இல்லாத காலை ஊன்றி விழுகிறார். மூளை அந்தக் காலை இன்னும் கணக்கில் வைத்திருப்பதால் இது புத்திசாலிக்கும் நடக்கும். எனக்கு இரண்டு முறை நடந்தது. தையல் பிரிந்து மறுபடியும் அறுவை அரங்குக்குப் போனவர்கள் உண்டு. இறங்கும் பக்கத்தில், கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டுவிடுங்கள். அதை நகர்த்தும் அந்த ஒரு நொடியில் நினைவு வந்துவிடும். இரவு விளக்கும், கைக்கு எட்டும் தூரத்தில் சிறுநீர்க் குடுவையும் இருக்கட்டும்.

கட்டுப் போடும் கலை

தையல் பிரித்ததும், பல இடங்களில் அதற்கு முன்பே, ஸ்டம்பைச் சுற்றிக் கிரேப் பேண்டேஜ் (இழுத்தால் நீளும் துணிப் பட்டை) கட்டச் சொல்வார்கள். வீக்கத்தை வடித்து, முனைப்பகுதியைச் செயற்கைக் காலின் கிண்ணம் போன்ற சாக்கெட்டுக்குள் நுழையும் வடிவத்துக்குக் கொண்டுவருவதே இதன் நோக்கம். முழங்காலுக்குக் கீழே என்றால் நான்கு அங்குல அகலப் பேண்டேஜ் போதும்.

கட்டும் முறையில் இரண்டே விதிகளை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே சரியாகிவிடும். முதலாவது, வளையல் போல வட்டமாகச் சுற்றக் கூடாது. எட்டு என்ற எண்ணைப் போலச் சாய்வாகக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றவேண்டும். வட்டமாகச் சுற்றினால் அது கயிறு கட்டியதைப் போல ரத்த ஓட்டத்தை நெரித்து, முனையை இன்னும் வீங்கச் செய்யும். இரண்டாவது, இறுக்கம் முனையில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்கவேண்டும். பேண்டேஜ் நழுவாமல் இருக்க, முழங்காலுக்கு மேலும் ஒரு சுற்றுப் போய்த் திரும்பவேண்டும். நடுவில் எங்கும் தோல் தெரியக் கூடாது. இடைவெளி விட்ட இடத்தில் சதை பிதுங்கிக்கொண்டு நிற்கும்.

நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, தோலைப் பார்த்துவிட்டு மறுபடியும் கட்டுங்கள். நன்றாகக் கட்டினாலும் அது தளர்ந்துவிடும் என்பதே காரணம். குளிக்கும் நேரம் தவிர, இரவும் பகலும் கட்டு இருக்கவேண்டும். உள்ளே விண்விண் என்று தெறித்தாலோ மரத்துப்போனாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். கால் ரத்தக் குழாய்களில் அடைப்பு உள்ளவர்கள் எவ்வளவு இறுக்கலாம் என்பதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளவேண்டும். மருத்துவமனையை விட்டு வீட்டுக்குப் போகும் முன், கட்டப்போகிறவர் செவிலியரின் கண்ணெதிரே ஒருமுறையாவது கட்டிக் காட்டட்டும். நான் இருந்த மருத்துவமனையில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. பேண்டேஜைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஆறு வாரம் வட்டமாகவே சுற்றிக்கொண்டிருந்ததால் முனை குமிழ் போலப் பருத்து, கால் பொருத்துவது இரண்டு மாதம் தள்ளிப்போனது.

புண் ஆறியபின், ஒரு நாளைக்குச் சில முறை ஸ்டம்பின் முனையை விரலால் மெல்லத் தட்டுங்கள். பருத்தித் துணியாலும் பிறகு துண்டாலும் வருடுங்கள். தொட்டாலே கூசும் தோல், உரசலுக்குப் பழகுவதற்கான பயிற்சி இது. தழும்பு அடியில் உள்ள எலும்போடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அதை விரல் நுனியால் வட்டமாக நகர்த்தித் தேய்ப்பதும் நல்லது.

இல்லாத பாதத்தில் வலி

எடுத்துவிட்ட பாதம் அரிப்பதாகவும், விரல்கள் மடங்கிக்கொண்டு நிமிர மறுப்பதாகவும், யாரோ கத்தியால் கீறுவதாகவும் தோன்றும். இதை வீட்டில் சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் அதிகம். பேய், ஆவி என்று மந்திரிக்க அழைத்துப்போன குடும்பங்களும் உண்டு. காலை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இத்தகைய உணர்வு ஏதாவது ஒரு வகையில் இருக்கும். பாதத்துக்கென்று மூளையில் இருந்த இடம் அப்படியே இருக்கிறது. அதற்குச் செய்தி வரும் வழிதான் அறுந்துவிட்டது.

தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் அமெரிக்காவில் இதற்குக் கண்ணாடியை வைத்து ஒரு வழி கண்டார். சுவரில் மாட்டும் ஒரு நீளக் கண்ணாடியைத் தொடைகளுக்கு நடுவே நிறுத்தி, இருக்கும் காலின் பிம்பம், இல்லாத காலின் இடத்தில் தெரியும்படி உட்காரவேண்டும். பிறகு அந்தப் பிம்பத்தையே பார்த்துக்கொண்டு, இருக்கும் பாதத்தின் விரல்களை மெதுவாக மடக்கி நீட்டவேண்டும். இல்லாத பாதத்தையும் அதேபோல் அசைப்பதாக மனத்தில் நினைக்கவேண்டும். நாளுக்கு 15 நிமிடம் வீதம் சில வாரங்கள் செய்து பாருங்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை, பலிப்பவர்களுக்கு, மடங்கிக்கிடந்த விரல்கள் விரிந்து இளகுவது தெளிவாகத் தெரியும். கட்டைச் சரியாகப் போடுவதும், ஸ்டம்பைத் தட்டிக்கொடுப்பதும், பிறகு செயற்கைக் காலில் நடப்பதுமே வலியைக் கணிசமாகக் குறைக்கும். தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வலி இருந்தால் காபாபென்டின், ப்ரீகாபலின் போன்ற நரம்பு வலி மருந்துகளை மருத்துவர் எழுதித் தருவார். வழக்கமான வலி மாத்திரைகளை நீங்களே வாங்கி விழுங்குவதில் பயனில்லை; சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு அவை கேடும் செய்யும்.

காத்திருக்கும் காலத்தில் காகித வேலை

அறுவை முடிந்து கால் அளவெடுக்க, விபத்தில் இழந்த இளைஞருக்கு ஆறு முதல் எட்டு வாரமும், சர்க்கரை நோயாளிக்கு அதைவிட அதிகமும் ஆகும். இந்த நாட்களில் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, ஆவணங்களைத் தயார் செய்வது உருப்படியான வேலை.

முதலில் வேண்டியது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. இந்தியா முழுவதும் செல்லும் யூ.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்தபின், அரசு மருத்துவக் குழுவினர் பரிசோதித்து விழுக்காட்டைக் குறிப்பிடுவார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் சலுகைகளுக்குத் தகுதி உண்டு. முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்கள் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். வழி தெரியாவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை விசாரியுங்கள்.

அரசுப் பணியில் இருப்பவர்கள் ஒன்றை உறுதியாகத் தெரிந்துகொள்ளவேண்டும். பணியில் இருக்கும்போது ஊனமடைந்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்றவேண்டும். "விருப்ப ஓய்வில் போய்விடுங்களேன், உங்களுக்கும் நிம்மதி" என்று யாராவது அன்பாகச் சொன்னால், எதிலும் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்து சட்டம் தெரிந்தவரிடம் பேசுங்கள்.

வேலை செய்யும் இடத்தில் நடந்த விபத்துக்குத் தொழிலாளர் இழப்பீட்டை உரிய கெடுவுக்குள் கோரவேண்டும், ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு இருந்தால் அதன் வழியே போகவேண்டும். சாலை விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு சேர்க்கப்பட்டிருப்பதால், மருத்துவமனையில் இருக்கும்போதே குடும்பத்தில் ஒருவர் வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது. கோரிக்கையில், செயற்கைக் காலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டியிருக்கும் என்பதையும் அதற்கான செலவையும் குறிப்பிடச் சொல்லுங்கள். முதல் காலின் விலையை மட்டும் எழுதிவிட்டு, மீதி வாழ்நாளை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. கட்டண ரசீதுகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எறியாமல் ஒரே கோப்பில் வையுங்கள்.

அளவெடுப்பும் தேர்வும்

செயற்கைக் காலுக்கு இரண்டு பகுதிகள் முக்கியமானவை: ஸ்டம்ப் நுழையும் கிண்ணமாகிய சாக்கெட், கீழே இருக்கும் பாதம். விளம்பரங்கள் பாதத்தைப் பற்றிப் பேசும். உங்கள் நடையை முடிவு செய்வது சாக்கெட். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரும், முன்னெலும்பின் உட்புற விரிவும் எடையைத் தாங்கும். வெளிப்புறச் சிற்றெலும்பின் தலையும், முன்னெலும்பின் கூர்மையான விளிம்பும், வெட்டிய முனையும் தாங்கமாட்டா. தாங்கும் இடத்தில் அழுத்தியும் தாங்காத இடத்தில் இடம் விட்டும் சாக்கெட்டைக் குடைவதில்தான் கால் செய்பவரின் திறமை இருக்கிறது. எனவே எந்த நிறுவனத்தின் கால் என்று விசாரிப்பதைவிட, எவர் செய்கிறார், கடித்தால் எத்தனை முறை திருத்தித் தருவார், அவருடைய இடம் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று விசாரிப்பதே அறிவுடைமை. முதல் ஆண்டில் ஐந்தாறு முறையாவது போகவேண்டியிருக்கும். ஐந்நூறு கிலோமீட்டர் தொலைவில் நடந்த முகாமில் இலவசமாக வாங்கிய கால், ஒரு சிறிய திருத்தம் செய்ய ஆளில்லாமல் வீணாவது இதனால்தான்.

சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மறுவாழ்வுப் பிரிவிலும் கால் செய்வதும் நடைப் பயிற்சி தருவதும் ஒரே இடத்தில் நடைபெறுகின்றன. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு அங்கேயே ஜெய்ப்பூர்க் கால் செய்யும் நிறுவனம் இருக்கிறது. போர்க்காலத்தில் கண்ணிவெடியில் காலிழந்த பலரை நடக்க வைத்த இடம் அது.

ஜெய்ப்பூர்க் கால் என்ற பெயரைக் கேட்டதும் 'ஏழைக் கால்' என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். அன்று கிடைத்த மேல்நாட்டுக் கால் ஷூ போட்டு நாற்காலியில் உட்காருபவருக்கானது. அதை அணிந்து குந்தவோ சம்மணமிடவோ வெறுங்காலோடு சேற்றில் இறங்கவோ முடியாது. ரப்பரில் விரல்களோடு வார்த்த இந்தப் பாதம் எல்லாப் பக்கமும் வளையும், நனைந்தாலும் கெடாது, செருப்பு இல்லாமலே நடக்கலாம். 1975இல் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி இதை இலவசமாகக் கொடுத்துவருகிறது. உழவருக்கும் தரையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் இன்றும் இதையே நான் முதலில் சொல்வேன். ஷூ போட்டு அலுவலகம் போய், தினமும் பல கிலோமீட்டர் விரைவாக நடப்பவருக்கு, எடை குறைந்த, ஊன்றும்போது வளைந்து எழும்பும்போது உந்தித் தள்ளும் கார்பன் நார்ப் பாதம் உண்மையிலேயே உதவும். ஆனால் அதையும் முதல் காலாக வாங்கவேண்டாம். முதல் ஓராண்டில் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே இருக்கும். சாக்கெட் எப்படியும் மாறும். அதுவரை எளிய காலில் பழகிவிட்டு, உங்கள் தேவை தெரிந்த பிறகு செலவழியுங்கள்.

முதன்முதலாக அணியும் நாட்கள்

கால் கைக்கு வந்த அன்றே ஊர் முழுக்க நடந்து காட்டும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் 15 நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை அணிந்து, பிறகு கழற்றித் தோலைப் பாருங்கள். சிவந்திருக்கும். அந்தச் சிவப்பு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையாமல் நின்றாலோ, எலும்பு முனைமேல் சிவந்திருந்தாலோ, கொப்புளம் தெரிந்தாலோ, அன்று மறுபடியும் அணியாமல், கால் செய்தவரிடம் போங்கள். போகும்போது அந்தச் சிவந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டு போனால் அவருக்கு வேலை எளிது. தோல் ஒத்துக்கொண்டால் நாளுக்கு அரை மணி நேரம் வீதம் கூட்டிக்கொண்டு போங்கள். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்தவருக்கு வலியே எச்சரிக்காது என்பதால், அவர் கண்ணைத்தான் நம்பவேண்டும். ஸ்டம்பின் அடிப்பக்கத்தைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டம்பை இரவில் கழுவுங்கள். மென்மையான சோப்பும் தண்ணீரும் போதும். நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். காலையில் கழுவி ஈரத்தோடு சாக்கெட்டுக்குள் நுழைத்தால் தோல் ஊறி உரிந்துவிடும். ஸ்பிரிட், டெட்டால் போன்றவற்றைத் தடவுவது தோலை வறட்டி வெடிக்கச் செய்யும். ஸ்டம்பில் போடும் காலுறையைத் தினமும் துவைத்து மாற்றுங்கள். சாக்கெட்டின் உட்புறத்தை ஈரத் துணியால் துடைத்து உலரவிடுங்கள். நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் உறை நனைந்துவிடும், அப்போது கழற்றித் துடைத்து உலர்ந்த உறையை மாற்றுவதற்கு வெட்கப்படாதீர்கள்.

நடை

இருபுறமும் கையால் பிடித்துக்கொள்ளும் இணைக் கம்பிகளுக்கு நடுவே நின்று, முதலில் நடக்காமல், எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிப் பழகவேண்டும். எடை பார்க்கும் இயந்திரம் இரண்டை அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலை ஊன்றி நின்று பாருங்கள். "பாதிப் பாதி ஊன்றுகிறேன்" என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும்போது முள் வேறு கதை சொல்லும். செயற்கைக் காலை நம்பாமல் அவசர அவசரமாக நல்ல காலுக்குத் தாவுவதுதான் நொண்டல். அந்தப் பழக்கம் முதல் மாதத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு போகாது. இரண்டு அடிகளும் ஒரே நீளமாக இருக்கட்டும். தரையைப் பார்க்காமல் எதிரே பாருங்கள்.

கம்பியை விட்டதும் கைத்தடிக்கு மாறும்போது, தடியை நல்ல கால் இருக்கும் பக்கத்துக் கையில் பிடிக்கவேண்டும். பலர் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முன்னே; இறங்கும்போது செயற்கைக் கால் முன்னே. "நல்லது மேலே, மற்றது கீழே" என்று எங்கள் பயிற்சியாளர் சொல்லித் தந்தது இன்றும் படிக்கட்டைப் பார்த்தால் நாவில் வருகிறது. பேருந்தின் உயரமான படிக்கும் இதே விதிதான். சரிவில் பக்கவாட்டாகத் திரும்பி, நல்ல காலை மேட்டுப்பக்கம் வைத்து நடங்கள்.

விழுவதையும் எழுவதையும் பயிற்சியாளர் முன்னிலையில் மெத்தைமேல் கற்றுக்கொள்ளுங்கள். விழாமல் ஓராண்டைக் கடந்தவர் எவரையும் எனக்குத் தெரியாது. விழுந்தால், அவசரப்படாமல் உட்கார்ந்து, உறுதியான நாற்காலியை நோக்கி நகர்ந்து, நல்ல காலை ஊன்றி எழவேண்டும். சுற்றி இருப்பவர்கள் அக்குளைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று வீட்டில் முன்பே சொல்லிவையுங்கள்.

செருப்பைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. காலை அமைக்கும்போது எந்தக் குதிகால் உயரத்துக்குச் சரி செய்தார்களோ, அதே உயரமுள்ள காலணியைத்தான் அணியவேண்டும். உயரம் மாறினால் உடம்பு முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளப்பட்டு முழங்கால் வலிக்கும். பின்வார் இல்லாத ஹவாய்ச் செருப்பு செயற்கைப் பாதத்தில் நிற்காது.

கழிப்பறையும் குளியலறையும்

எல்லோரும் பேசத் தயங்கும் இடம் இது. ஜெய்ப்பூர்க் கால் அணிந்த சிலர் பழகியபின் இந்தியக் கழிப்பறையில் குந்துகிறார்கள். ஆனால் முதல் மாதங்களில், அதுவும் இரவில் காலைக் கழற்றிய பிறகு, அது முடியாது. மேற்கத்தியக் கழிப்பறை கட்ட வசதி இல்லாவிட்டால், நடுவில் துளையுள்ள கமோட் நாற்காலியை இந்தியக் கழிப்பறைமேல் போட்டுக்கொள்ளலாம். சுவரில் கைப்பிடிக் கம்பியைக் கொத்தனாரை வைத்துச் சிமெண்டில் பதியுங்கள்; ஆணியில் தொங்கும் துண்டுக் கம்பி உங்கள் எடையைத் தாங்காது. குளிக்கும்போது செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் முக்காலியல்ல, நான்கு கால் நாற்காலியில் உட்கார்ந்து குளியுங்கள். ஒற்றைக் காலில் ஈரத் தரையில் தத்தித் தத்திப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இருக்கும் காலைக் காப்பது

சர்க்கரையால் ஒரு காலை இழந்தவருக்கு, அடுத்த சில ஆண்டுகளில் மறு காலும் ஆபத்துக்குள்ளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். ஆகவே செயற்கைக் காலைக் கவனிப்பதைவிட மறு பாதத்தைக் கவனிப்பதே முதல் கடமை. தினமும் இரவில் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள், அல்லது பேரக் குழந்தையைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் தளம் உள்ள செருப்பு பல அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும். கோயிலுக்குப் போனால் காலையிலோ மாலையிலோ போங்கள். நண்பகல் வெயிலில் காய்ந்த கல் பிராகாரத்தில் உணர்ச்சியற்ற பாதத்தை வைத்து, வீடு திரும்பிய பிறகே கொப்புளத்தைக் கண்டவர்கள் பலர். வெந்நீர் ஒத்தடமும், ஆணிக்காலைப் பிளேடால் சீவுவதும் வேண்டாம். பீடி, சிகரெட் பிடிப்பவர் அன்றோடு நிறுத்தவேண்டும்; இதில் பேரம் இல்லை.

விபத்தில் இழந்தவர்களுக்கு மறு பாதம் தப்பினாலும் மறு முழங்கால் தேயும். உடல் எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடை ஏறினால் சாக்கெட்டும் இறுகிவிடும்.

வேலை, வண்டி, விளையாட்டு

நின்றே செய்யும் வேலைக்குத் திரும்புபவர் முதல் மாதம் அரை நாள் என்று பேசிக்கொள்வது நல்லது. கியர் உள்ள பைக்கில் இடது கால் கியருக்கும் வலது கால் பின் பிரேக்குக்கும் வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் பிரேக்குகள் கையிலேயே இருப்பதால் வண்டி ஓடும்போது சிக்கல் இல்லை, நிறுத்திக் கால் ஊன்றும்போதுதான் சிக்கல். பக்கவாட்டில் இணைப்புச் சக்கரங்கள் பொருத்தினால் அது தீரும். இடது காலை இழந்தவர் கிளட்ச் இல்லாத தானியங்கி காரை எளிதாக ஓட்டலாம். வலது காலை இழந்தவர் கை இயக்கக் கருவி போன்ற மாற்று ஏற்பாட்டைப் பொருத்தவேண்டும். எதுவானாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிமத்தையும் வாகனப் பதிவையும் முறையாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும்.

ஆட்டத்தையும் பாட்டத்தையும் விட்டுவிடவேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981இல் தமிழ்நாட்டுப் பயணத்தில் நேர்ந்த விபத்தில் வலது காலை இழந்து, ஜெய்ப்பூர்க் காலோடு 1984இல் மேடை ஏறினார். பைக் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த அரியானாவின் சுமித் அன்டில், டோக்கியோ பாராலிம்பிக்கில் 68.55 மீட்டரும், 2024 பாரிசில் 70.59 மீட்டரும் ஈட்டி எறிந்து இருமுறை தங்கம் வென்றார். இவர்களை அளவுகோலாக வைத்துக்கொண்டு உங்களை நீங்களே வதைக்கவேண்டாம். அந்த இடத்தை அடைய இவர்கள் பட்ட பாட்டைச் செய்திப் படங்கள் காட்டுவதில்லை. உங்களுக்கு முதல் இலக்கு, தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய்ப் பால் வாங்கி வருவதாக இருக்கலாம். அது முடிந்தபின் நடைப்பயிற்சி, பிறகு நீச்சல். நீச்சலுக்குப் புண் முழுமையாக ஆறியிருக்கவேண்டும். காலைக் கழற்றிவிட்டு நீந்துங்கள், குளத்தின் விளிம்புவரை ஊன்றுகோலில் போங்கள்.

இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் பலருக்கு மனம் கனத்துவிடும். விசாரிக்க வந்த கூட்டம் நின்றிருக்கும். கால் இன்னும் வந்திருக்காது. தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்தாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, அதையும் புண்ணைப் போலவே மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களைப் போலவே காலை இழந்து நடந்துகொண்டிருக்கும் ஒருவரைச் சந்திக்க முடியுமா என்று மறுவாழ்வுப் பிரிவில் கேளுங்கள். எனக்கு மருந்தைவிட அதிகம் உதவியது, எதிரே உட்கார்ந்து பேண்ட்டை மேலே தூக்கித் தன் காலைக் காட்டிய ஒரு மின்வாரிய ஊழியர்.

உறைக் கணக்கு

முதல் ஆண்டில் ஸ்டம்ப் சுருங்கச் சுருங்க, சாக்கெட் தளர்ந்து, ஸ்டம்ப் ஆழத்துக்கு இறங்கி, முனை அடியில் இடிக்கும். அதை ஈடுகட்டக் காலுறைகளைக் கூட்டவேண்டும். மெல்லியதும் தடித்ததுமாக உறைகள் கிடைக்கும். காலையில் ஒன்று போட்டுக் கிளம்பி, மதியம் தளர்ந்தால் இன்னொன்றைச் சேர்ப்பது வழக்கமாகிவிடும். மாறாக, ஊறுகாயும் அப்பளமும் அதிகம் சாப்பிட்ட கல்யாண வீட்டுக்கு மறுநாள் வீங்கி, கால் நுழையவே மறுக்கும்; அன்று மெல்லிய உறை. எந்த நாளில் எத்தனை உறை என்று ஒரு நாட்குறிப்பில் எழுதிவைத்தால், எண்ணிக்கை கூடிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். தடித்த உறைகளை மூன்று நான்கு அடுக்காகப் போட்டும் ஆடுகிறது என்றால், சாக்கெட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அந்த நாட்குறிப்பைக் கால் செய்பவரிடம் காட்டுங்கள். பயணம் போகும்போது பையில் இரண்டு உலர்ந்த உறைகளும், ஒரு சிறு துண்டும், கிரேப் பேண்டேஜ் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். ரயிலில் இரவு காலைக் கழற்றினால் பேண்டேஜ் கட்டிக்கொண்டு தூங்குங்கள், இல்லையென்றால் காலையில் இறங்கவேண்டிய நிலையம் வரும்போது கால் நுழையாது.